முதல் பெஞ்சுக்கு மேல் போகாத நாய்

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் விட்டுப்போன நாய் துரையைச் சனிக்கிழமை வந்து அழைத்துப்போ. அவனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.

டாக்டர் என்னையும் நடக்கச் சொன்னதால், திங்கட்கிழமை அவனை ஊருக்கு வெளியே காட்டுப்பாதைக்கு அழைத்துப்போனேன். உன் அண்ணன் ஏழு வருஷம் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்த பாதை. திரும்பி வந்ததும் "எவ்வளவு?" என்பேன், "அஞ்சு" என்பார், காலண்டரில் குறித்துவைப்பேன். அப்படி நடந்தவரின் இதயம் எப்படி நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரையே நிற்கவைத்துக் கேட்டேன், நீயும்தான் இருந்தாயே. வெள்ளைக் கான்வாஸ் ஷூ, பாதையின் வரைபடம், விசில் எல்லாவற்றோடும் நுழைந்து இருநூறடி போயிருக்கமாட்டேன், முதல் பெஞ்சருகே துரை உட்கார்ந்துவிட்டான். அதட்டினேன், விசில் ஊதினேன், இரண்டு குருவிகள்தான் பறந்தன. பலங்கொண்ட மட்டும் இழுத்ததில் நான் சேற்றில் உட்கார்ந்தேன். இரண்டு நாய்களோடு வந்த ஓர் அம்மாள் என்னைத் தூக்கிவிட்டு, "அவன் இதுக்கு மேல வரமாட்டாம்மா. பெஞ்சு சாரோட நாயாச்சே!" என்றாள்.

"தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடந்தவரைச் சொல்றீங்களா?" என்றேன்.

"நடந்தாரா? அவரா?" என்று அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. "இங்கயேதான் இருப்பாரு. கிளம்பும்போது ஷூவுல கொஞ்சம் சேத்தைப் பூசிப்பாரு. வீட்டுல பரீட்சை இருக்கும்பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு. அதற்குள் அவள் சொல்கிறாள், "ஓரமாத்தான் உக்காருவாரு. பக்கத்துல யாராவது உக்கார வந்தா, 'ஆள் வருதுங்க'ம்பாரு. ஒருத்தரும் வந்து பாக்கலை."

தினமும் ஷூவை மாட்டிக்கொண்டே "நீயும் வாயேன்" என்பார். "எனக்குத் தலைக்குமேல் வேலை" என்பேன். அந்த வேலை என்ன தெரியுமா, தலையணை உறைகளுக்கு இஸ்திரி போடுவது. எல்லாம் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கின்றன.

நாயைப் பார்க்கும்போதெல்லாம் இதுவே நினைவுக்கு வருகிறது. ஆகவே சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடு. பத்து என்றால் பத்து. உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் அண்ணி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன். துரை வேறு பக்கம் இழுத்தான், போனேன். இதைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமை வீட்டுக்கு வராதே, இங்கே வா. என் பக்கத்தில் துரை ஏறி உட்கார்ந்துகொள்வதால் இடமில்லை, மடக்கு நாற்காலி எடுத்து வா. டாக்டர் கேட்டால், அண்ணி தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறாள் என்று சொல்.