லாக் பெடலும் முறைப்படி இறங்குதலும்

மலைப்பாதைப் பராமரிப்பு அலுவலகத்துக்கு மலைச் சைக்கிள்கள் வந்து சேர்ந்தன. இனி மேடு பள்ளங்களைப் பணியாளர்களே நேரில் போய்ப் பார்ப்பார்கள் என்று முடிவாகிவிட்டது. பெடல் ஒன்றுதான் பாக்கி. சாதாரணத் தட்டைப் பெடலா, ஷூவுக்கு அடியில் கொக்கி வைத்து ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் லாக் பெடலா?

பெரிய அதிகாரியின் அறைச் சுவரில் ஒரு பந்தய வீரன் படம் இருந்தது. அந்த வீரன் போட்டிருந்தது லாக் பெடல். ஆலோசனை அத்துடன் இனிதே நிறைவுற்றது.

“பழகுற வரைக்கும் பெடல் ஸ்பிரிங்கை லூஸா வச்சுக்குங்க சார்,” என்றார் கடைக்காரர். “நிக்கிறதுக்கு முன்னாடி குதிகாலை வெளிப்பக்கமாத் திருப்புங்க. கழண்டுக்கும்.”

“என் ஆபீஸ்ல எதுவும் லூஸா இருந்ததில்லைங்க. இருக்கிறதுலயே டைட்டா வைங்க.”

குதிகால் விஷயத்தைக் காதில் வாங்கியது சர்வேயர் பெண் ஒருத்திதான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகாதவள். சொன்னதைக் கேட்டு, சொன்னபடி பழகினாள், பாவம்.

முதல் நாள் காலை. பெரிய அதிகாரி கம்பீரமாக வந்து வாசலில் பிரேக் பிடித்தார். வண்டி நின்றது. கால் வரவில்லை. வெட்டிய வாழை போல இடப்பக்கம் சாய்ந்து பூச்செடிக்குள் போனார்.

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். “ஐயா இறங்கிட்டாங்க.”

கைதட்டல் ஓய்வதற்குள் சர்வேயர் பெண் வந்தாள். குதிகாலைத் திருப்பினாள், காலை ஊன்றினாள், படுத்திருந்த அதிகாரிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

மதியமே மெமோ வந்தது. ‘மேலதிகாரி தரையில் இருக்கும் வேளையில் கீழ்நிலைப் பணியாளர் நின்றது எங்ஙனம் என விளக்குக.’ கூடவே ஒரு சுற்றறிக்கை. ‘இனி சைக்கிளிலிருந்து இறங்குதல் என்பது இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்குதலையே குறிக்கும்.’ இரண்டையும் எழுதியவர் கண்காணிப்பாளர். பெரிய அதிகாரி வழக்கம்போல் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“ஐயா, குதிகாலைத் திருப்பினாலே போதுமே,” என்றாள் அவள் கண்காணிப்பாளரிடம்.

“போதும்மா, யாரு இல்லைன்னா? உனக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா, குதிகால் திரும்பணுமா?”

வீட்டு முற்றத்தில் கணவன் பழைய மெத்தையை விரித்தான்.

“விழு.”

“கை தானா ஊணுதுங்க.”

“பெடலை மறந்துடு. ஆபீஸை நினைச்சுக்க. தானா விழுவே.”

‘கடவுளே, முழங்கையை மட்டும் நீ பார்த்துக்கோ, மத்ததை நான் பார்த்துக்கிறேன்’ என்று வேண்டிக்கொண்டு விழுந்தாள். விழ விழ நளினம் கூடியது.

அதற்குள் ஊருக்கே அது நாகரிகமாகிவிட்டது. சாலைச் சந்திப்பில் காலை ஊன்றி நின்றவரை, நேற்றுத்தான் சைக்கிளைப் பார்த்தவர் போலப் பார்த்தார்கள். சிராய்ப்பு தெரியச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். கடைக்காரர் ஸ்பிரிங் பேச்சை விட்டுவிட்டுக் களிம்பு விற்றார்.

நிரந்தர உத்தரவு கையெழுத்தாகும் நாள் வந்தது. பணியாளர்கள் முன்னால் வந்து வரிசையாக ‘இறங்கி’னார்கள். சர்வேயர் பெண் புழுதி கிளம்பாமல் இறங்கினாள். கடைசியாகப் பெரிய அதிகாரி. வலி பொறுக்காமல், ஒருவருக்கும் தெரியாமல் ஸ்பிரிங்கை லூஸாக்கிப் பழகியிருந்தார் மனிதர். ‘டக்.’ நின்றார். முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டலுக்குக் காத்திருந்தார்.

தட்டுவதற்கு நின்றுகொண்டு யாரும் இல்லை.

“ஏம்மா, எல்லாரும் எதுக்குப் படுத்திருக்கீங்க?”

“உத்தரவுங்க ஐயா.”

யாருடைய உத்தரவு என்று கேட்டால், தனக்குத் தெரியாது என்பது தெரிந்துபோகும். சிரிப்பு மெல்ல வற்றியது. இங்கேயும் அங்கேயும் பார்த்தார். சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு, அவள் பக்கத்திலேயே இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டார். படுத்தபடியே அவளுடைய நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து, பாதை இடிந்துபோனதைச் சொல்ல வந்த ஜனங்கள் வாசலில் கூடினார்கள். முதலில் வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார், துண்டை விரித்தார், படுத்தார். அவருக்குப் பின்னால் அடுத்தவர். வரிசை தெருமுனை வரை நீண்டது.

பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர் கடைசி ஆளிடம் குனிந்து கேட்டார். “இது எதுக்குங்க வரிசை?”

“தெரியலைங்க. எதுக்கும் படுத்துக்குங்க.”