குடையில் சிரித்த மீசை

“இந்தக் குடைக்குள்ள நான் வரவே மாட்டேன்” என்றாள் நிஷாந்தினி.

கண்டி வாவிக்கரையில் மழை தூறத் தொடங்கியிருந்தது. மற்றச் சோடிகள் எல்லாம் குடைக்குள் தலையை விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வாவிக்கரைக்கு வருகிற சோடிக்குக் குடைதான் வீடு, குடைதான் கதவு. இவள் மட்டும் வாங்குப் பலகையில் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தாள்.

குற்றம் குடை மேல் இருந்தது. மண்வெட்டிச் சின்னம். பக்கத்தில் பெரிய மீசையோடு பிரதேச சபை வேட்பாளர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வேட்பாளர் ராஜலிங்கம், குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய காதலன் அஜந்தனின் அப்பா. அவசரத்தில் கதவு மூலையில் கையில் கிடைத்ததை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நிஷாந்தினி வீட்டில் பரம்பரையாகக் கூடைச் சின்னம். மண்வெட்டிக்காரன் வீட்டுக்கு மருமகளாகப் போகமாட்டேன் என்று பழகிய முதல் கிழமையே சொல்லிவிட்டாள். “எங்க வீட்டுல கட்சியே கிடையாது. அப்பா கொழும்புல வேலை” என்று ஆறு மாதமாக அளந்து வைத்திருந்தான் அஜந்தன். அப்பாவிடமும் இவளைப் பற்றி மூச்சு விடவில்லை. மகன் மூடி வைத்தால் தகப்பனுக்குத் தெரியாது என்று எல்லா மகன்மாரும் நினைக்கிறார்கள்.

இன்றைக்கு நாலு மணிக்கு அவளுடைய அம்மா நல்லம்மா புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி மாப்பிள்ளை பார்க்க வருகிறாள். அவள் சரியென்றால் கல்யாணம். இல்லையென்றால் இல்லை.

“யாரு இந்த ஆளு?” என்று கேட்டாள் நிஷாந்தினி.

“தெரியல. பஸ் ஸ்டாண்டுல சும்மா குடுத்தாங்க.”

“ஓசியில குடுத்தா எதையும் வாங்கிருவீங்களா?”

“மழ வந்துச்சே.”

“மூஞ்சிய நல்லாப் பாருங்க. ஆளு எப்படி?”

அஜந்தன் குடையைச் சாய்த்துப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மைல் ஆஸ்பத்திரிக்கு நடந்த மனுசன், மகனைப் பார்த்துச் சிரித்தார்.

“கள்ளன் மாதிரி இருக்கு.”

“மாதிரியா?”

“கள்ளனேதான்.”

வாய் கசந்தது. ஆனாலும் கையில் இருந்த சிலிசிலிப் பொலித்தீன் பையைக் கிழித்து, அப்பாவின் முகத்தில் போர்த்தி, கம்பியில் முடிச்சும் போட்டான். பை சின்னது. மீசையின் ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கடலைக்கார ரஸீன் நானா வந்து சேர்ந்தார்.

“தம்பி, நீங்க ராஜலிங்கம் தலைவர்ட மகன்தானே? உங்கட அப்பா சொகமா ஈக்கிறாரா?”

“ஆள் மாறிப் பேசுறீங்க நானா. எனக்கு அப்பா இல்ல.”

ரஸீன் நானா அவனைப் பார்த்தார். மீசை நுனியைப் பார்த்தார். கடலை விற்காமலே நடந்துவிட்டார்.

“அப்பா இல்லயா? கொழும்புலன்னு சொன்னீங்க?” என்றாள் நிஷாந்தினி.

அஜந்தனுக்குக் காது சுட்டது. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு ஏச்சோடு போயிருக்கும்.

“தவறிட்டாரு.”

“ஐயோ! எப்ப?”

“பதினாறு நாளாச்சு. நேத்துக் காலைலதான் கருமாதி.”

“நேத்தா?”

“நேத்துத்தான்.”

அவள் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. தன் அப்பாவுக்காக ஒரு பெண் அழுகிறாளே என்று அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையோடு அழுகையாக அவள் குடைக்குள் வந்து உட்கார்ந்தாள். அந்த மட்டில் லாபம்.

“அப்பா எப்படிப்பட்டவரு?” என்று கேட்டாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

“தங்கமான மனுசன்.”

“மீசை வச்சிருந்தாரா?”

“இல்ல. மழுமழுன்னு இருப்பாரு.”

கொன்றது போதாதென்று மீசையையும் மழித்தாயிற்று.

“அம்மா வாறாங்க!” என்று எழுந்தாள் நிஷாந்தினி.

தெரு முனையில் நல்லம்மா வந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேல் நீலக் குடை. குடையில் மண்வெட்டி. பக்கத்தில் அதே மீசை, அதே சிரிப்பு.

இந்தத் தேர்தலில் எவனிடமும் எவரும் குடை வாங்குவார்கள் என்று அஜந்தன் மனசைத் தேற்றிக்கொண்டான். “வாங்கம்மா” என்று பல்லைக் காட்டினான்.

நல்லம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவன் குடையைப் பார்த்தாள். நீட்டிக்கொண்டிருந்த மீசை நுனியைப் பார்த்ததும் எட்டி, முடிச்சை அவிழ்த்து, பையை உருவி எடுத்தாள். ராஜலிங்கம் நனைந்துபோய்ச் சிரித்தார்.

நல்லம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

“ஏன் புள்ள, கட்சி கிடக்கட்டும், புள்ளைங்க நல்லா இருக்கட்டும்னு நேத்துச் சாயங்காலம் நம்ம வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்து, நீ ஊத்துன டீயவும் குடிச்சிட்டுப் போன மனுசன் மூஞ்சிய, மாப்பிள்ளை எதுக்குப் பையப் போட்டு மூடி வச்சிருக்காரு?”