மாமியார் கொடுத்த அரிவாள்மணை

அரிவாள்மணையின் விளிம்பு நீலமாகிவிட்டது.

சேவியர்ராஜ் சாணைக்கல்லைச் சுற்றுவதை நிறுத்தி, அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயில் கழுத்து மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வெண்டைக்காயை வைத்து இழுத்தபோது வெண்டைக்காய் நசுங்கியது, விளிம்பு மடங்கிக்கொண்டது.

"மார்த்தாள்," என்று கூப்பிடப் போனவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மனைவியைக் கூப்பிடுகிற நேரமா இது?

சேவியர்ராஜுக்கு நெய்வேலியில், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் சிலர் சீட்டாடப் போவார்கள், சிலர் தூங்கப் போவார்கள். இவர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் இரும்பு அடித்தார். லெக்கோ என்கிற நெய்வேலிக் கரிக்கட்டியில் உலை, அதற்குக் காற்றூதப் பழைய சைக்கிள் சக்கரத்தில் காற்றாடி, எல்லாம் சொந்தத் தயாரிப்பு. இரும்புதான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அவரிடம் வந்த மண்வெட்டி பிளந்தது. தாழ்ப்பாள் வந்தது, அதன் பிறகு அந்த வீட்டுக் கதவே மூடவில்லை. போன மாதம் மார்த்தாள் கடைசி எச்சரிக்கை விட்டிருந்தாள்.

"இன்னொரு வூட்டுச் சாமான் ஒடஞ்சுது, இந்த உலை, சுத்தி, காத்தாடி எல்லாத்தையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடுவேன். ஆமா!"

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் தானாகவே வேலி ஓரம் வந்து அரிவாள்மணையை நீட்டினாள். கோவில்பட்டியிலிருந்து அவளுடைய மாமியார் கொடுத்தனுப்பியது.

"சாணை பிடிச்சுக் குடுங்கண்ணே. அவசரமே இல்ல. உங்க இஷ்டம்போலச் செய்யுங்க."

இஷ்டம்போலச் செய்யுங்கள் என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அரிவாள்மணையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விளிம்பு நீலமான மறுநாள் கேன்டீனில் கலியனைப் பிடித்தார். கலியன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

"நீலமாப் பூட்டா அவ்ளோதான், சேவியரு. சாணை புடிக்கும்போது அப்பப்பத் தண்ணியில முக்கிகினே இருக்கணும். சூடு ஏறினா இரும்பு தொவண்டு பூடும்."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"நேத்து நீ கேக்கலியே." கலியன் வடையைப் பிட்டான். "ஒண்ணும் குடி முழுகிப் போவல. நல்லாப் பழுக்கக் காய்ச்சி முக்கி எடு. பழையபடி ஆயிடும்."

சாயங்காலம் மணைக்கட்டையிலிருந்து இரும்பைக் கழற்றிப் பழுக்கக் காய்ச்சினார். வாளித் தண்ணீரில் ஒரே முக்கு. புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அதற்குள்ளேயே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"என்னாங்க அது சத்தம்?" என்று அடுப்படியிலிருந்து மார்த்தாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பல்லி."

பல்லி இல்லை. இரும்பின் நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"தண்ணியிலயா முக்குன?" மறுநாள் கலியன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "எண்ணெயில இல்ல முக்கணும்! காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய வச்சி எண்ணெயில எறக்கணும்."

"நேத்து ஏன்யா சொல்லல?"

"எதுல முக்கறதுன்னு நீ கேக்கலியே."

மார்த்தாள் மாதா கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, வீட்டிலிருந்த நல்லெண்ணெய் முழுவதையும் வாளியில் கவிழ்த்தார். காந்தம் ஒட்டாத பதம் வந்ததும் இரும்பை இறக்கினார். எண்ணெய் குப்பென்று தீப்பிடித்து, முருங்கை இலை பாதி கருகியது. தீயை அணைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் விரிசல் அப்படியே இருந்தது. போதாததற்கு இரும்பு ஒரு பக்கமாக வளைந்தும் போயிருந்தது. வளைவை நிமிர்த்தச் சுத்தியலால் மெதுவாகத்தான் தட்டினார். அரிவாள்மணை இரண்டு துண்டானது.

"முக்கி எடுத்ததும் அது கண்ணாடி மாதிரிய்யா," என்றான் கலியன். "எளஞ்சூட்டுல வாட்டி, வைக்கோல் நெறம் வந்தப்புறந்தான் சுத்தி படணும். நீ கேட்டிருந்தா..."

அவன் கழுத்தைப் பிடிக்காமல் சேவியர்ராஜ் எழுந்து வந்ததற்குக் காரணம், அடுத்த யோசனைக்கும் அவனைத்தான் கேட்க வேண்டும் என்பதே.

வாசலில் தனபாக்கியத்தின் கணவர் சங்கரலிங்கம் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"ஆயுத பூசைக்கு எங்கம்மா வாராக, சேவியர்! வந்ததும் அருவாமணையத்தான் கேப்பாக. அதைப் பூசையில வைக்கணும் அவுகளுக்கு. அவுக ஆத்தா குடுத்த சாமான்லா!"

சேவியர்ராஜ் தலையை மட்டும் ஆட்டினார். உலையும் போகும், பக்கத்து வீட்டோடு பத்து வருஷப் பழக்கமும் போகும். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். ஒரு வழிதான் இருந்தது. புதிதாக ஒன்று அடித்துவிட வேண்டும்.

இந்தத் தடவை அவர் ஏமாறவில்லை. கலியனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து எதிரில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டார். எந்த இரும்பு? எவ்வளவு சூடு? எந்த எண்ணெய்? முனையை முதலில் இறக்குவதா, முதுகையா? இறக்கும்போது மூச்சு விடலாமா?

"மூச்சு தாராளமா வுடு," என்றான் கலியன்.

வடலூர் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி ஸ்பிரிங் பட்டை வந்தது. உடைந்த துண்டுகளைத் தரையில் சேர்த்துவைத்து, அதே வளைவுக்குப் பட்டையை அடித்தார். அவசரப்படாமல் எண்ணெயில் இறக்கினார், வைக்கோல் நிறம் வரும்வரை வாட்டினார், தண்ணீரில் முக்கி முக்கிச் சாணை பிடித்தார். பழையதில் தேங்காய்த் துருவியில் ஒரு பல் இல்லை. நன்றாக வந்திருந்த ஒரு பல்லை மனதைக் கல்லாக்கிக்கொண்டு அராவி எடுத்தார். புளியும் உப்பும் பூசி ஊறவைத்துக் கறுக்கச் செய்து, பழைய மணைக்கட்டையிலேயே பொருத்தினார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தார். தனபாக்கியம் அதை வாங்காமல் ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். அதற்குள் மாமியார் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டு, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துருவியின் பல்லைத் தடவினார். பிறகு ஒரு சேனைக்கிழங்கை எடுத்து வைத்து அழுத்தினார். சேனை சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

"பாத்தியா தம்பி, எங்க காலத்து இரும்ப! இப்பம் உள்ளவனுக்கு இப்படி ஒண்ணு அடிக்க வருமா?"

"வரவே வராதும்மா," என்றார் சேவியர்ராஜ் மனப்பூர்வமாக.

வெளியே வந்ததும் அவருக்குப் பறக்கலாம் போல இருந்தது. விஷயத்தை முழுக்கக் கேட்ட மார்த்தாள்கூட முதலில் நல்லெண்ணெய்க்காகத் திட்டிவிட்டு, பிறகு சிரித்துவிட்டாள். "பரவால்லீங்க. உங்க கையிலயும் ஏதோ இருக்குது. உலை இருந்துட்டுப் போவட்டும்."

இருபது வயது குறைந்தவர் போல அன்றிரவு தூங்கினார். மறுநாள் பூஜை முடிந்து, தனபாக்கியம் ஒரு தட்டில் பொரிகடலையோடு வேலி ஓரம் வந்தாள். சேவியர்ராஜ் பாராட்டை வாங்கிக்கொள்ளத் தோதாக நிமிர்ந்து நின்றார்.

அவள் திரும்பிப் பார்த்து, மாமியார் காதில் விழாது என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணமான நாள்லேருந்து அதோட மல்லுக்கட்டுதேன். புதுசு கேட்டா, பழசு ஒடையட்டும் வாங்கித் தாரேங்காக. கேட்டியளா, இப்ப என் மருமக காலத்துக்கும் அது உழைக்குமாம். ஏண்ணே, எதைக் குடுத்தாலும் உருப்படியாத் திரும்பி வராதுன்னுதானே உங்க கையில குடுத்தேன். இதை மட்டும் ஏன் ஒழுங்காச் செஞ்சு தொலைச்சிய?"