அவனியாபுரத்தில் மூழ்கிய படகு

படகு மூழ்குவதற்குக் கடல் வேண்டும் என்பது தப்பான நம்பிக்கை. ஒரு தண்ணீர் லாரி போதும். அவனியாபுரத்துக் காலி மனையில் சும்மா நின்ற படகை நான் மூழ்கடித்திருக்கிறேன்.

படகு என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டுடையது. கப்பலில் எஞ்சினியர். பல வருட விடுமுறையைச் சேர்த்துவைத்து, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, ஜனவரியில் அந்தமான் வரை போவது என்று இருந்தான். அதைத் தூத்துக்குடியிலிருந்து டிரெய்லரில் கொண்டுவந்து எங்கள் மனையில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

"சும்மா மேற்பார்வைதான் மச்சான்."

ஆறு மாதம். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை முடிந்ததும் உப்புத்தாளும் கையுமாக உட்காருவேன். அடிப்பக்கத்தைத் தேய்த்து முடித்தால் கயிறு நைந்திருக்கும். கயிற்றை மாற்றினால் கப்பியில் துரு. கப்பியை முடித்தால் பாயில் கிழிசல். தைக்கத் தார்ப்பாய் கடைக்குத் தூக்கிப்போனால், "எந்தக் கல்யாணப் பந்தலுக்குண்ணே?" (உலகம் சுற்றுகிறவர்கள் ஏன் கிளம்புகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கரையில் இருந்தால் படகைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

கடைசியாக வாட்ஸப்பில் வந்தது: "வாங்கும்போதே உள்ள ஈரம் இருந்துச்சு, எங்கயோ கசியுது மச்சான். எங்கன்னு பார்த்து வைங்க. அடுத்த வாரம் வாரேன்."

பள்ளியில் மொட்டைமாடித் தொட்டி கசிந்தால் என்ன செய்வோம்? முழுக்க நிரப்பி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்போம். லாரியை வரச்சொன்னேன்.

"தொட்டி எங்கண்ணே?" என்றார் டிரைவர்.

"அந்தா நிக்குதுல்ல, அதுக்குள்ள ஊத்துங்க."

"அது படகுல்ல?"

"ஆமா."

"கடல்ல விட வழியில்லாம கடலை உள்ள விடுறீகளாக்கும்!"

தொழில் தெரியாத ஆள் என்று மன்னித்தேன்.

முக்கால் மணி நேரம் ஊற்றினார். நான் டார்ச்சோடு அடியில் ஊர்ந்தேன். ஒரு சொட்டு இல்லை! வெளியே வந்து பெருமூச்சு விடுவதற்குள் 'மடக்' என்றது ஒரு முட்டுக்கட்டை. அடுத்து இன்னொன்று. படகு, களைத்த மாடு மாதிரி மெதுவாகச் சாய்ந்து, காம்பவுண்டுச் சுவரில் தலைவைத்துப் படுத்தது.

ஜெரால்டுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, அடியில கசியல."

"சூப்பர் மச்சான்! எப்படிப் பார்த்தீங்க?"

"தண்ணி நிரப்பி."

"எஞ்சின் எங்க இருக்கு மச்சான்?"

"உள்ளதான்."

"பேட்டரி? பாயி?"

"எல்லாம் பத்திரமா உள்ளதான் வச்சிருக்கேன்."

"தண்ணி?"

"அம்புட்டும் உள்ள இல்ல மாப்ள. பாதி சுவருக்கு அந்தப் பக்கம் போயிருச்சு."

அந்த விடுமுறை முழுவதையும் அவன் அவனியாபுரத்தில் எஞ்சினைப் பிரித்துக் காயவைத்தே கழித்தான். (கசிந்தது மேல் ஜன்னல் ரப்பராம்.) ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கையிலிருந்த உப்புத்தாளை மட்டும் மெதுவாக வாங்கிக்கொண்டான்.

இரண்டு வருடம் கழித்து அந்தமானிலிருந்து செய்தி வந்தது: "பத்திரமாக வந்து சேர்ந்தேன். இந்தமுறை மச்சானைப் படகுப் பக்கம் விடாத கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாப்பாட்டு ஜெபத்தின் முடிவில் ஸ்டெல்லா அதை வாசிக்கிறாள். எல்லோரும் ஆமென் சொல்கிறார்கள். நான் சொல்லும்வரை பிரியாணிச் சட்டியைத் திறப்பதில்லை.