கேஸ் தாளில் நான் செத்துப்போன கதை

சொந்தச் சாவைத் தன் கைப்பட எழுதி, ஜெராக்ஸ் போட்டு, வகுப்பு முழுக்க விநியோகித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறைக்கு விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. (எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுவதே ஒரு பட்டம் என்று நினைத்திருந்த காலம்.) துறைத்தலைவி கூப்பிட்டு, "புத்தகத்துல இருக்கறத வாசிக்காதீங்க சார். நிஜமா நடந்த ஒரு கேஸ வச்சு நடத்துங்க. பேரு, ஊரு மட்டும் தெரியாம மாத்திருங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த நிஜம் ஒன்றுதான்: என் அக்கா. அம்மா இறந்தபோது எனக்கு ஒரு வயது. அப்பா கொத்தனார் வேலைக்குப் போய்விடுவார். என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லாமல் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். பிறகு கண்டனூர்ப் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் சமையல் வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தாள். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அக்காவைக் கமலா ஆக்கினேன். எங்கள் ஊர் மானகிரியைத் தேவகோட்டை ஆக்கினேன். மிச்சம் இருந்தது தம்பி. அவன் உயிரோடிருந்தால் மாணவர்கள் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயந்து, 'தாய் இறந்த அதே வாரம் ஒரு வயதுத் தம்பியும் காய்ச்சலில் இறந்தான்' என்று எழுதினேன். ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் அக்கா. கையில் எவர்சில்வர் தூக்கு. கண்டனூரில் கல்யாண வேலை முடிந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள்.

"மொத வகுப்புன்னியே, கந்தரப்பம் கொண்டாந்தேன். நீ பாடம் எடுக்கறத ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிர்றேன்டா."

பேர்தான் மாற்றியாயிற்றே, அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். (எம்.எஸ்.டபிள்யூ. படித்த மூளை.)

ஒரு மாணவன் எழுந்து தாளைச் சத்தமாக வாசித்தான். தம்பி செத்த இடத்தில் பின்னாலிருந்து "த்தூ, த்தூ" என்று சத்தம். கண்ணேறு கழிப்பதுபோல் அக்கா ஓரமாகத் துப்பிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கரும்பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்த தலைப்பை அழித்துவிட்டு மறுபடி அதையே எழுதினேன்.

அடுத்தது கலந்துரையாடல்.

"அப்பா வேலைக்குப் போறாரு, வீட்டுல பாத்துக்கப் பிள்ளையும் இல்ல. அப்புறம் ஏன் சார் இவுக படிப்ப விட்டாக?"

"கல்யாணமும் பண்ணிக்கலையே. அதுக்கும் காரணமே காணோம்."

முன் பெஞ்சுப் பெண் பேனாவைத் திறந்தாள். "படிப்பில் நாட்டமில்லை, வாழ்க்கையில் இலக்கு இல்லைன்னு எழுதிக்கலாமா சார்?"

வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. தம்பியைப் புதைத்த குழியிலேயே அக்காவின் காரணத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. 'காரணம் நான்தான்' என்று சொல்ல வேண்டும். பெல்ட்டைத்தான் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

அக்கா எழுந்து தூக்கை பெஞ்சில் வைத்தாள். "ஏம்மா, அந்தப் பய சாகலத்தா. இந்தா நிக்கிறான் பாரு, பெல்ட்டப் போட்டுக்கிட்டு."

குபீரென்று எழுந்த சிரிப்பு பாதியில் நின்றது. முன் பெஞ்சுப் பெண் தலையைக் குனிந்து எழுதியதை அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள்.

அக்கா வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாடிப்படியில், "அக்கா, வந்து..." என்றேன்.

"பிள்ளைகளுக்கு அப்பத்தக் குடு. ஆறிப்போச்சு" என்று இறங்கிப் போனாள்.

இப்போதும் அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, சொந்தபந்தம் கூடியிருக்கையில் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "செத்துப்போன தம்பி, காக்கா தின்னுட்டுப் போயிருச்சு. இனி நீங்க சாப்பிட வாரீகளா?" (மற்ற நாளெல்லாம் 'வாடா'தான்.) வீடே சிரிக்கும். முதலில் சிரிப்பவன் நான்.

'படிப்பில் நாட்டமில்லை' என்ற அந்த வரியை மட்டும் அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதையும் ஒருநாள் கிண்டலாகச் சொல்லிவிட மாட்டாளா என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் காத்திருக்கிறேன்.