இருமியதற்காகப் பேரனைப் பறிப்பதா?

சாய்ந்தமருது

அன்பின் மச்சான் றஸாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்தை நேற்றே உங்கள் வீட்டில் என் தங்கச்சியிடம் போனில் கேட்டறிந்துவிட்டதால், அதைக் கேட்டு இங்கே தாளை வீணாக்கவில்லை. மருதமுனைக்கு பஸ்ஸில் கால் மணி நேரம்தான், என்றாலும் எழுதுகிறேன். நேரில் வந்தால் தேத்தண்ணி தந்து என் வாயை அடைப்பீர்கள். போனில் சொன்னால் "ஓம், ஓம்" என்று வைத்துவிடுவீர்கள்.

அநியாயம் இதுதான்: உங்கள் மகனும் என் மருமகனுமான முர்ஷித், நம் இரண்டரை வயதுப் பேரன் ஷிப்லியை வருகிற திங்கள் முதல் கல்முனையில் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் விடப்போகிறார். காரணம், நான் இருமினேனாம்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். மகள் ஸம்றா காலை ஆறரைக்கே நாவிதன்வெளிக்குப் படிப்பிக்கப் போய்விடுவாள். முர்ஷித் கொழும்புக் கம்பனி வேலையை முன்னறையில் கம்பியூட்டரில் செய்கிறார். என் மனைவியும் உங்கள் ராத்தாவுமான றாஹிலாவுக்கு முழங்கால் வருத்தம். ஆகவே ஷிப்லிக்குப் பின்னால் ஓடுகிற உத்தியோகம் எனக்கு. யாரும் கேட்டுத் தரவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டைக் கட்டியது நான்தான், ஆனால் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவுச் சிறுவீட்டில் இருக்கிறோம். மாப்பிள்ளை இருக்கிற அறைக்குள் மாமனார் நுழைவதோ, பெயர் சொல்லிக் கூப்பிடுவதோ நம்மிடம் உண்டா? சின்ன வயதில் என் தோளில் ஏறி மாங்காய் பறித்த பொடியன்தான். காவின் எழுதி நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து மாப்பிள்ளை. எனவே ஷிப்லி அந்த அறைக்குள் ஓடிவிட்டால் நான் வாசலில் நின்று இருமுவேன். ஓர் இருமல் என்றால் பிள்ளை உள்ளே. இரண்டு என்றால் கையில் என்னவோ இருக்கிறது. தொடர் இருமல் என்றால் உடனே பார்க்கவும். முர்ஷித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பிள்ளையை ஒரு கையால் வெளியே நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன். ஏழு மாதம் இப்படி நடந்தது, ஒரு குறையும் இல்லை.

சென்ற செவ்வாய் ஷிப்லி இடியப்பத்தையும் சொதியையும் தட்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஒன்று இருமினேன், இரண்டு இருமினேன், பிறகு நிறுத்தவே இல்லை. முர்ஷித் அப்போது பன்னிரண்டு பேருக்குத் திரையில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாராம். கம்பனியின் பெரிய மனிசி, யார் அப்படி இருமுவது என்று கேட்டிருக்கிறா. மாமனாரைக் காட்டிக்கொடுக்க உங்கள் மகனின் மரியாதை இடம் கொடுக்கவில்லை. தனக்குத்தான் கொஞ்சம் தடிமன் என்றுவிட்டார். அந்த மனிசி நல்லவ. மறுநாளே கம்பனி டொக்டரைத் திரையில் வரவைத்துவிட்டா. டொக்டர் இருமச் சொன்னார். மச்சான், உங்கள் மகனுக்கு இருமத் தெரியாது. பூனை தும்முவது போல ஏதோ செய்தார். வாசலில் நின்ற எனக்கு மனம் கேட்கவில்லை, நல்லதாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாய் மூடியிருக்க இருமல் வருவதைப் பார்த்த டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அந்த நேரம் பார்த்து மேசைக்கடியில் இருந்த ஷிப்லியும் என்னைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். அவன் இப்போது பிஸ்கட் அலுமாரிக்கு முன்னாலும் இருமித்தான் கேட்கிறான். இந்த வீட்டில் இருமுகிற மூன்று பேருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுக்கவேண்டும் என்று கம்பனிக்குக் கடிதம் போய்விட்டது. முர்ஷித் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்து முடித்து, ஒன்று பிள்ளைக்கு ஓர் ஒழுங்கு செய்யட்டும், இல்லையென்றால் கொழும்புக்கு வந்து வேலை செய்யட்டும் என்றுவிட்டார்கள்.

அன்று பின்னேரம் ஸம்றா வந்தாள்.

"வாப்பா, கோவிக்காதீங்க. திங்கக்கிழமையிலிருந்து ஷிப்லிய கல்முனைக்கு அனுப்பப் போறம்."

"ஏன், நான் மௌத்தாகிட்டனா?"

"அதில்ல வாப்பா. நீங்க இருமுறீங்க."

"கதவத் திறந்து போட்டிட்டு வேல செய்யிறவருக்கு ஒண்டுமில்ல. எனக்கு மட்டும் தண்டன."

அடுப்படியிலிருந்து உங்கள் ராத்தாவின் குரல்: "இஞ்ச பாருங்க, 'மகன்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லிக் கூப்பிட்டா நீங்க என்ன குறஞ்சா போயிருவீங்க?"

"எங்கட வாப்பா என்ன அப்பிடிப் பழக்கல்ல. அவரும் மாப்பிள்ளைமார்ர வாசல்ல இருமினவர்தான்."

"ஓம், அவர் இருமினதுக்கு ஆரும் படம் எடுக்கச் சொல்லல்ல!"

தாயும் மகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மச்சான், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மீதியைப் பத்திரிகை வாசித்துத்தான் கற்றேன். இருமுவது குற்றம் என்று இன்றுவரை எங்கும் வாசித்ததில்லை. ஷிப்லி பத்து மணிக்கு என் நெஞ்சில் படுத்துத்தான் உறங்குவான். அந்த ஒரு மணி நேரம் நான் மூச்சையும் அளந்துதான் விடுவேன். அங்கே அவன் யாருடைய நெஞ்சில் படுப்பான்? அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆகவே செய்யவேண்டியவை: நீங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வந்து உங்கள் மகனுக்குப் புத்தி சொல்லவேண்டும். முர்ஷித், ஷிப்லியின் கைக்கு எட்டாத உயரத்தில் கதவுக்கு ஒரு கொண்டி போடவேண்டும். ஸம்றா, நிரப்பிக் கொடுத்த படிவத்தைத் திருப்பி வாங்கவேண்டும். உங்கள் ராத்தா சிரிப்பை நிறுத்தவேண்டும். நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, என் பக்கத்தில் பிழை இல்லை.

உங்கள் வயல் நன்றாக விளையவும் தங்கச்சியின் சீனி வருத்தம் இறங்கவும் துஆச் செய்கிறேன். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
காலிதீன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது முர்ஷித் பின்வளவுக்கு வந்து, "மாமா, அந்த இடத்த ஒருக்கா வந்து பாருங்க" என்றார். பிழை பிடிக்கத்தான் போனேன். காற்றோட்டமான இடம், பிழை ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. நடத்துகிறவ காரைதீவு செல்லத்தங்கம் ரீச்சர். "ஐயா, புதுப் பிள்ளைகளோட முதல் ரெண்டு கிழமைக்கு வீட்டுப் பெரியாள் ஒருத்தர் இருக்கவேணும். உங்கட மருமகன் உங்கட பேரத்தான் எழுதித் தந்திருக்கார்" என்றா. ஷிப்லிக்கு ஒரு பாய், எனக்கு ஒரு பாய் கொண்டுவரவேணுமாம். ஆகவே மேலே சொன்ன எதையும் யாரும் செய்யவேண்டாம். முர்ஷித் எங்கள் இரண்டு பேரையும் எட்டு மணிக்கு ஏற்றிப் போகவேண்டும். ஸம்றா இரண்டு சாப்பாட்டுப் பெட்டி கட்டவேண்டும். நீங்கள் வெள்ளிக்கிழமை வரவேண்டாம்; நான் பாய் வாங்கப் போகிறேன். இரண்டு கிழமைதான் என்று ரீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னா. சொல்லட்டும். மூன்றாம் கிழமை என்னைப் பாயிலிருந்து எழுப்ப யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.