காண்டாமிருகம் பன்றியான வகையில் ஒரு புகார்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது மரபு என்பதால் எழுதுகிறேன், மனசாரக் கேட்கவில்லை.

கல் குவாரியில் நான் தோண்டியெடுத்த தாடை எலும்பை, அழிந்துபோன காண்டாமிருகங்களில் ஒரு புது இனம் என்று அறிவித்து, அதற்கு என் மனைவி, அதாவது உங்கள் சொந்த அக்காவின் பெயரையே வைத்தது தாங்கள் அறிந்ததே. கல்யாண நாளுக்கு மற்றவன் மோதிரம் வாங்குவான். நான் ஒரு மிருகத்தையே கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும். வீட்டுக்கு யார் வந்தாலும் "இவங்க பேர்லதான் காண்டாமிருகம்" என்று அறிமுகப்படுத்துவேன். உடனே எழுந்து உள்ளே போய்விடுவாள், அவ்வளவு கூச்சம்.

இப்போது தங்கள் அருங்காட்சியகப் பத்திரிகையில் தாங்கள் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாடையில் இருப்பது பால்பல்லாம், அது வெறும் குட்டியாம், புது இனமே இல்லையாம், நூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒரு ராணுவ டாக்டர் ஒற்றைப் பல்லைப் பார்த்து ராட்சசப் பன்றி என்று நினைத்துப் பெயர் வைத்தானே, அதே மிருகம்தானாம், ஆகவே முதலில் அச்சேறிய பெயர்தான் நிற்குமாம், என்னுடையது செல்லாதாம். விதி எனக்கும் தெரியும்யா! தப்போ சரியோ, முந்தினவன் வச்ச பேருதான். அது பன்றி இல்லைன்னு ஊருக்கே தெரிஞ்சாலும் பேரு பன்றிதான். ஆனா நோண்டிப் பார்க்க உலகத்துல வேற எலும்பே கிடைக்கலையா உனக்கு? காண்டாமிருகமா இருந்த உன் அக்காவை ஒரே கட்டுரையில பன்றியாக்கிட்டியே, நல்லா இருப்பியா நீ?

நேத்து பெயிண்டர் வந்து, அந்தத் தாடையை வச்சிருக்கிற கண்ணாடிப் பெட்டி மேல இருந்த அவ பேரைச் சுரண்டி எடுத்தான். "இந்தம்மா எப்ப சார் போய்ச் சேர்ந்தாங்க?"ன்னு வேற கேக்கிறான். வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்றதுன்னு வாசல்லயே நின்னு, அப்புறம் சொல்லிட்டேன். "அப்படியா, கை கழுவிட்டு சாப்பிட வாங்க"ன்னா. பாவம், அதிர்ச்சி! பாட்டு வேற முணுமுணுத்துக்கிட்டே அடுப்படிக்குப் போனா. எனக்கு பயமே வந்துடுச்சு. அவளுக்குன்னு இந்த ஜென்மத்துல நான் செஞ்சது அது ஒண்ணுதான்டா. அதையும் பிடுங்கிட்டே. இனி என் வீட்டு வாசப்படி மிதிக்காதே.

தங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். தங்களுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
இதுவரை உனக்கு அத்தானாக இருந்தவன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வாங்கிப் படிச்சா. "அவனை ஏன் திட்டுறீங்க? எப்படியாவது அதுலேர்ந்து என் பேரை எடுத்துடுடான்னு நான்தான் வருஷக்கணக்கா அவன்கிட்ட கெஞ்சினேன்"ங்கிறா. பிடிக்கலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னேன். "வைக்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை மச்சான் நான். மேலே எழுதினது அத்தனையும் ரத்து. முதல்ல எழுதினதுதான் நிற்கும்னு விதி பேசாதே.